பர்சனல் லோன் ரிஜெக்ட் ஆகுதா? மறுபடி அப்ளை பண்றதுக்கு முன்னாடி கோளாறு எங்கன்னு பாருங்க

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன்னு சின்னதா ஒரு கடை வெச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி நாலு வருஷம் ஒரு லோன் ஏஜென்ட்டுக்கு வீடு வீடா போய் ஃபைல் வாங்கிட்டு வர்ற வேலை. அதனால லோன் கிடைக்காதவங்க பேப்பர பாத்த அளவுக்கு நான் வேற எதையும் பாத்ததில்ல. வாரத்துக்கு மூணு பேராச்சும் போன நீட்டிக்கிட்டு வந்துடுவாங்க, "உங்க விண்ணப்பத்த ஏத்துக்க முடியல"ன்னு ஒரு மெசேஜ் இருக்கும், காரணம் இருக்காது. உடனே அடுத்த கேள்வி, "அண்ணா வேற எந்த பேங்க்ல போடலாம்?"

அங்கதான் எல்லாரும் சறுக்கறாங்க. வேற எங்கயும் போடாதீங்க. முதல்ல மூணு பேப்பர எடுத்து டேபிள் மேல வைங்க: கிரெடிட் ரிப்போர்ட் (நீங்க வாங்கின கடன், அத கட்டுன விதம் எல்லாம் பதிவாகியிருக்கற அறிக்கை, அத வெச்சுப் போடற மார்க்குதான் ஸ்கோர்), சம்பளம் வர்ற அக்கவுண்டோட ஆறு மாச ஸ்டேட்மெண்ட், பான் கார்டும் ஆதாரும். நூத்துக்கு தொண்ணூறு தடவ காரணம் இந்த மூணுக்குள்ளயே இருக்கும் (இது என் கடைக் கணக்கு, எந்த ஆராய்ச்சியும் இல்ல).

கிரெடிட் ரிப்போர்ட்டுக்கு காசு குடுக்காதீங்க. எல்லாரும் சிபில் சிபில்னு சொன்னாலும் இந்த வேலைய பண்ற கம்பெனி இந்தியாவுல நாலு இருக்கு, டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட்ட இலவசமா குடுத்தே ஆகணும்னு ரிசர்வ் பேங்க் உத்தரவு, 2017 ஜனவரில இருந்து நடைமுறைல இருக்கு. அந்தந்த கம்பெனியோட சொந்த வெப்சைட்லயே எடுங்க. "ஃப்ரீ ஸ்கோர் பாருங்க"ன்னு வர்ற ஆப்ல பாத்தா மறுநாள் காலைல இருந்து லோன் வேணுமான்னு போன் வந்துட்டே இருக்கும். நம்ம ரிப்போர்ட்ட நாமளே பாத்தா ஸ்கோர் குறையாது, அந்த பயம் வேண்டாம்.

இனி உங்க கேஸ் எதுன்னு தேடிக்கோங்க.

பட்டன அமுக்கி ரெண்டு நிமிஷம்கூட ஆகல, ரிஜெக்ட்

இத மனுஷன் யாரும் பாக்கல, மிஷின் தள்ளி விட்டிருக்கு. ஸ்கோர் ரொம்ப கம்மியா இருந்தாலும் இப்படி ஆகும், ஆனா நான் முதல்ல பாக்கறது பேரு. நம்ம ஊர் ஆளுங்களுக்கு இருக்கற பெரிய தலைவலி இந்த இனிஷியல்தான். வடக்க எல்லாருக்கும் குடும்பப் பேருன்னு ஒண்ணு இருக்கு, நமக்கு அப்பா பேரோட மொத எழுத்து. பான் கார்டுல இனிஷியல விரிச்சு எழுதணும்ங்கறதால அப்பா பேரு முழுசா வந்து சில சமயம் அதுவே மொத பேரா உக்காந்துக்கும், ஆதார்ல வெறும் இனிஷியல், பேங்க் பாஸ்புக்ல இனிஷியல் பின்னாடி, சம்பள ஸ்லிப்புல இனிஷியலே இல்ல. போதாததுக்கு ஸ்பெல்லிங் வேற, ஒரே கந்தசாமிய இங்கிலீஷ்ல நாலு விதமா எழுதி வெச்சிருப்பாங்க. நமக்கு எல்லாம் ஒரே ஆளு, மிஷினுக்கு நாலு பேரு.

சரி பண்றதுக்கு முன்னாடி எந்த கார்ட மாத்தறதுன்னு யோசிங்க. ஆதார்ல பேர ஆயுசுக்கு ரெண்டே தடவதான் மாத்த முடியும், அவசரப்பட்டு ஒரு தடவய வீணாக்கிட்டு வந்தவங்க இருக்காங்க. பேங்க்லயும் கம்பெனிலயும் எப்படி இருக்கோ அதுக்கு எது கிட்டக்க இருக்கோ அத விட்டுட்டு இன்னொண்ண மாத்துங்க. பெரும்பாலும் பான் கார்ட்ட திருத்தறதுதான் லேசு.

இன்னொண்ணு, பானும் ஆதாரும் இணைச்சிருக்கான்னு வருமான வரி சைட்ல பாத்துடுங்க. இணைக்காத பான் 2023 ஜூலை 1ல இருந்து செயலிழந்த கணக்குல போயிடுச்சு, ஆயிரம் ரூபா கட்டி இணைச்சாத்தான் உயிர் வரும். வயசான அம்மா அப்பாவ கூட்டு விண்ணப்பதாரரா போடறப்ப இது மாட்டும்.

ஸ்கோர் 760 இருக்கு, அப்பவும் இல்லங்கறாங்க

ஸ்கோர் 300ல இருந்து 900 வரைக்கும், 750க்கு மேல இருந்தா பொதுவா நல்லதுன்னு எடுத்துக்கறாங்க, அது சரி. ஆனா நீங்க இதுவரைக்கும் ஒழுங்கா கட்டுனீங்களாங்கறதத்தான் ஸ்கோர் சொல்லும், இனிமே கட்ட முடியுமாங்கறத சம்பளக் கணக்குதான் சொல்லும். மாசம் கைக்கு வர்றதுல பாதிக்கு மேல இஎம்ஐக்கே போகக்கூடாதுங்கறது பல இடத்துல பாக்கற கணக்கு, சம்பளம் கம்மின்னா நாப்பது சதவீதத்துலயே நிறுத்திடுவாங்க.

போன மாசம் சூரமங்கலத்துல இருந்து ஒரு தம்பி வந்தான். கைக்கு 28,000 சம்பளம், 3 லட்சம் கேட்டு மூணு வருஷத்துக்கு போட்டிருந்தான். பாதின்னா 14,000. அதுல ஏற்கனவே பைக் இஎம்ஐ 3,200, செல்போன் இஎம்ஐ 1,800, ஆக மிச்சம் 9,000தான். 14 சதவீத வட்டில 3 லட்சத்துக்கு 36 மாச இஎம்ஐ 10,250 சொச்சம் வருது. எப்படி குடுப்பான்? அவன் கேட்டான், அஞ்சு வருஷமா மாத்தினா? மாத்தலாம், இஎம்ஐ 6,980க்கு எறங்கிடும், ஆனா மொத்த வட்டி 69,000ல இருந்து 1,18,000க்கு மேல போயிடும். அத விட செல்போன் லோன்ல பாக்கி இருந்ததே நாலு மாசம், 7,200 ரூபா. அத ஒரே அடியா கட்டி முடிச்சா மிச்சம் 10,800 ஆகுது, மூணு வருஷ இஎம்ஐ உள்ள அடங்கிடுது. அவன் போனஸ்ல அதத்தான் பண்ணான். கட்டி முடிச்சதும் ரிப்போர்ட்ல "க்ளோஸ்டு"ன்னு வர்ற வரைக்கும் பொறுத்து அப்புறம் அப்ளை பண்ணுங்க, 2025ல இருந்து பேங்குங்க மாசத்துக்கு குறைஞ்சது ரெண்டு தடவ தகவல் அனுப்பணும்ங்கறதால முன்ன மாதிரி ரெண்டு மாசம் காத்திருக்க வேண்டியதில்ல.

இதோட கிரெடிட் கார்டும் பாருங்க. ஒரு லட்சம் லிமிட்ல மாசாமாசம் 90,000 இழுத்துட்டு முழுசா கட்டுனாக்கூட, பாக்கறவனுக்கு இவன் கார்ட நம்பித்தான் பொழைக்கறான்னு தோணும். லிமிட்ல 30 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கோங்கன்னு சொல்றது அதுக்குத்தான். "இப்ப வாங்கு அப்புறம் கட்டு"ன்னு ஷாப்பிங் ஆப்ல வர்றதும் பல சமயம் ரிப்போர்ட்ல ஒரு லோனாத்தான் ஏறி உக்காரும், 800 ரூபா சட்டைக்கு ஒரு லோன்.

நான் கடனே வாங்கல, ஆனா பாக்கின்னு காட்டுது

இது ஒரு நோய் இல்ல, நாலு நோய். ரிப்போர்ட்ல அந்த வரிய கண்டுபிடிச்சு, கணக்கு யார் பேர்ல, என்ன வகைன்னு பாருங்க.

என் கதையே சொல்றேன். ஏஜென்ட் வேலைல இருந்தப்ப டார்கெட்டுக்காக நானே ஒரு கிரெடிட் கார்டு எடுத்தேன், வருஷம் முழுக்க இலவசம்னு சொன்னாங்க, கவர பிரிக்காம பீரோல வெச்சுட்டேன். ரெண்டாம் வருஷம் 590 ரூபா வருஷக் கட்டணம் போட்டுட்டாங்க, ஸ்டேட்மெண்ட் போனது நான் எப்பவோ விட்டுட்ட ஈமெயிலுக்கு. தாமதக் கட்டணம், வட்டி, அதுக்கு ஜிஎஸ்டின்னு அது 4,000 தாண்டினப்பதான் எனக்கே தெரிஞ்சது, அதுவும் தங்கச்சி கல்யாணத்துக்கு லோன் கேட்டு போனப்ப. ஊருக்கெல்லாம் லோன் வாங்கிக் குடுத்தவன் நான், எனக்கு இல்லன்னுட்டாங்க. வேண்டாத கார்டு இருந்தா எழுத்துல கேட்டு மூடுங்க, பாக்கி இல்லாத கார்ட ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும், தாமதமானா நாளுக்கு 500 ரூபா உங்களுக்கு குடுக்கணும்னு 2022லயே ரிசர்வ் பேங்க் விதி போட்டிருக்கு. இது தெரியாமத்தான் பாதி பேரு கார்ட கத்திரிக்கோல்ல வெட்டிப் போட்டுட்டு மூடியாச்சுன்னு நினைச்சுக்கறாங்க.

ரெண்டாவது, ஜாமீன் கையெழுத்து. மச்சான் லாரி வாங்கறப்ப சங்ககிரில போய் "சும்மா ஒரு கையெழுத்துதானே"ன்னு போட்டிருப்பீங்க, அது உங்க ரிப்போர்ட்ல ஜாமீன்தாரர்னு அப்படியே நிக்குது. அவரு கட்டலன்னா கறை உங்களுக்கும்தான். படிப்பு லோனும் இதே மாதிரி, பையன் இன்ஜினியரிங் முடிச்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேண்டியதில்லன்னு இருக்கும், அதுக்கப்புறம் அவன் வேலை தேடிட்டு இருக்கறப்பவே தவணை ஆரம்பிச்சிடும், அப்பா கூட்டுக் கடன்தாரர்ங்கறதால ரெண்டு பேருக்கும் சேந்து அடி. இதுக்கு மருந்து ஒண்ணுதான், பாக்கிய கட்டணும், இல்லன்னா அந்த கிளைல போய் தவணைய மாத்தி அமைக்கச் சொல்லி பேசணும். திட்டிப் பிரயோஜனம் இல்ல.

மூணாவது மகளிர் குழு கடன். அம்மாப்பேட்டைல இருந்து ஒரு அக்கா, வாரா வாரம் சென்டர்ல தவறாம பணம் குடுத்திருக்காங்க, குழுத் தலைவி அத முழுசா கட்டல. குழுக் கடன்னு நாம சொன்னாலும் ரிப்போர்ட்ல ஒவ்வொருத்தர் பேர்லயும் தனித்தனியாத்தான் ஏறும், அக்கா பேர்ல ஏழு தவணை பாக்கி. நல்ல வேளை, கடன் அட்டைல ஒவ்வொரு வாரமும் கையெழுத்து வாங்கி வெச்சிருந்தாங்க, அதக் காட்டித்தான் சண்ட போட முடிஞ்சுது. அட்டைய வீட்ல வெச்சுட்டு சென்டருக்கு போகாதீங்கக்கா.

நாலாவது, நெஜமாவே வேற ஒருத்தர் லோன். ஒரே பேரு, ஒரே இனிஷியல், இந்த மாவட்டத்துல எத்தன பேரு இருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க. இல்லன்னா உங்க பான் நகல வெச்சு எவனோ எடுத்தது. ரெண்டுக்கும் அந்த கிரெடிட் கம்பெனி சைட்லயே தகராறு பதிவு பண்ணலாம், காசு கிடையாது. 30 நாளுக்குள்ள தீத்து வைக்கணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபா உங்களுக்கு இழப்பீடு, இது 2024 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு. ஒரு கம்பெனில திருத்தினா மத்த மூணுலயும் போய் பாருங்க, நாலும் தனித்தனி. லோன் குடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்க, 30 நாள் ஆகியும் பதில் இல்லன்னா, இல்ல பதில் சரியில்லன்னா ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன்கிட்ட (புகார விசாரிக்கற அதிகாரி) ஆன்லைன்லயே புகார் பண்ணலாம், அதுக்கும் காசு இல்ல. நகல் குடுக்கறப்ப அதுமேல எதுக்காக குடுக்கறோம்னு பேனாவுல எழுதி கையெழுத்து போடற பழக்கத்த என் கடைல எல்லாருக்கும் சொல்றேன், பத்துல ரெண்டு பேரு கேக்கறாங்க.

"செட்டில்டு"ன்னு போட்டிருக்கு, கட்டி முடிச்சாச்சே?

முடிக்கல. ஒரு லட்சம் பாக்கிக்கு நாப்பதாயிரம் குடுங்க போதும்னு வசூல் ஆளு சொன்னப்ப சந்தோஷமா கட்டியிருப்பீங்க, மிச்ச அறுபதாயிரத்த அவங்க நஷ்டமா எழுதிட்டாங்க, அதத்தான் அந்த வார்த்தை சொல்லுது. லோன் குடுக்கறவங்க கண்ணுல இது பாக்கிய விட கொஞ்சம்தான் தேவலாம். மிச்சத்த கட்டறதுக்கு வழி இருந்தா அந்த நிறுவனத்துக்கு எழுதி, பாக்கி எவ்வளவுன்னு எழுத்துல வாங்கி, கட்டி, பாக்கி இல்லங்கற சான்றிதழ வாங்கி, "க்ளோஸ்டு"ன்னு மாத்தச் சொல்லுங்க. வாய்ல சொல்றத நம்பி கட்டாதீங்க. பழைய தாமதம் எல்லாம் உடனே மறையாது, அந்த தகவல குறைஞ்சது ஏழு வருஷம் வெச்சிருப்பாங்க, ஆனா பழசாக ஆக அதோட கனம் குறையும்.

ஸ்கோரே வரல, இல்லன்னா மைனஸ் ஒண்ணு

பயந்துடாதீங்க, நீங்க இதுவரைக்கும் கடன் பக்கமே போகலன்னு அர்த்தம். நம்ம வீட்ல கடன் வாங்காததுதான் பெருமைன்னு வளத்திருப்பாங்க, இங்க அதுவே கொறையா நிக்குது, என்ன செய்ய. மொத தடவ கடன் கேக்கறவங்கள வரலாறு இல்லங்கற ஒரே காரணத்துக்காக தள்ளக்கூடாதுன்னு 2025ல பார்லிமெண்ட்லயே அரசு சொல்லுச்சு, ஆனா கவுண்டர்ல போய் அத சொன்னா லோன் வந்துடும்னு நினைக்காதீங்க. 20,000 ரூபா ஃபிக்சட் டெபாசிட் போட்டு அதுமேல ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, மாசம் ஒரு தடவ பெட்ரோல் போட்டு முழுசா கட்டிட்டு வந்தா ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கோர் உக்காரும். நகைக்கடனும் ரிப்போர்ட்ல ஏறும், ஒழுங்கா திருப்பினா அதுவும் நல்ல பேருதான்.

நகை இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அவசரம்னா பர்சனல் லோன் பின்னாடி ஏன் அலையறீங்க. வட்டி பெரும்பாலும் கம்மி, ஸ்கோர் அவ்வளவா பாக்க மாட்டாங்க. சில பேருக்கு அம்மா நகைய வெக்கறது மனசுக்கு ஆகாது, அது வேற.

ஒரே மாசத்துல அஞ்சு இடத்துல கேட்டேன், ஒவ்வொண்ணுக்கும் ஸ்கோர் எறங்குது

நீங்க கேக்கற ஒவ்வொரு தடவையும் அந்த நிறுவனம் உங்க ரிப்போர்ட்ட பாக்கும், பாத்தது பதிவாகும். அடுத்தவன் பாக்கறப்ப "நாலு பேரு இல்லன்னு சொன்னத எங்கிட்ட கொண்டு வர்றான்"னு தெரியும். இதுல ஏஜென்ட் பங்கும் உண்டு, நானும் அந்த பாவத்த பண்ணியிருக்கேன், ஒரே ஃபைல ஜெராக்ஸ் எடுத்து ஆறு இடத்துல போட்டு எங்க விழுதோ விழட்டும்னு விட்டுடுவோம், கஸ்டமருக்கு தெரியவே தெரியாது. ஏஜென்ட்கிட்ட ஃபைல் குடுத்தா எந்த எந்த இடத்துல போடறீங்கன்னு கேளுங்க, ஒண்ணுல பதில் வந்ததுக்கப்புறம்தான் அடுத்ததுன்னு கறாரா சொல்லுங்க. ஏற்கனவே அஞ்சு ஆயிடுச்சுன்னா ஒரு ஆறு மாசம் சும்மா இருங்க. சும்மா இருக்கறதுதான் கஷ்டம், தெரியும்.

முதல்ல சம்பள அக்கவுண்ட் இருக்கற பேங்க்லயே போய் கேளுங்க, உங்க வரவு செலவு அவங்க கண்ணு முன்னாடி இருக்கு.

சம்பளம் கைல வாங்கறேன், வருமானத்துக்கு ஆதாரம் கேக்கறாங்க

சேலத்துல பாதி பொழப்பு இப்படித்தான். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைல கொலுசு வேலை செய்யறவர் மாசம் 25,000 சம்பாதிப்பாரு, சனிக்கிழம கைல காசா வாங்கி, அப்படியே செலவாகி, பேங்க் பாஸ்புக்ல ஒரு வரி இருக்காது. தறி, ஜவ்வரிசி மில்லு, லாரி பட்டறை, எல்லாம் இதே கதை. வருமானம் இல்லன்னு இல்ல, எழுத்துல இல்ல.

இதுக்கு ஒரு மாசத்துல மருந்து கிடையாது, ஆறு மாசம் ஆகும், அதனால கல்யாணம் காட்சின்னு தேதி தெரிஞ்சா இப்பவே ஆரம்பிங்க. ஓனர்கிட்ட பேசி யுபிஐல போடச் சொல்லுங்க, ஒத்துக்க மாட்டாருன்னா வாங்கின காச அன்னைக்கே அக்கவுண்ட்ல போட்டு அதுல இருந்து செலவு பண்ணுங்க. வாரா வாரம் ஏறத்தாழ ஒரே தொகை விழணும். லோன் போடற வாரத்துல ஒரேயடியா ஒண்ணரை லட்சத்த கொண்டு போய் போட்டா பாக்கறவனுக்கு சந்தேகம்தான் வரும், அது கைமாத்துன்னு அவனுக்கு தெரியாதா. வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லன்னாலும் ரிட்டர்ன் தாக்கல் பண்ணலாம், ரெண்டு வருஷம் தொடர்ந்து உண்மையான கணக்க காட்டி வெச்சா அது சம்பள ஸ்லிப்புக்கு சமமா நிக்கும். சொந்தமா பட்டறை வெச்சிருந்தா உத்யம் (சிறு தொழிலுக்கான அரசு பதிவு) பண்ணிக்கோங்க, இலவசம், அதுக்கு எவனாவது 2,000 கேட்டா எழுந்து வந்துடுங்க. தொழிலுக்குத்தான் பணம்னா பர்சனல் லோன் வேண்டாம், தொழில் கடனாவே கேளுங்க.

இதே ஸ்டேட்மெண்ட்ல இன்னொண்ணும் பாப்பாங்க, இஎம்ஐ திரும்பியிருக்கான்னு. சம்பளம் 7ம் தேதி வருது, இஎம்ஐ 5ம் தேதி எடுக்குது, மாசாமாசம் பவுன்ஸ், ரெண்டு நாள்ல கட்டிடறோம், ஆனா கறை கறைதான். லோன் குடுத்தவங்கள கேட்டு தேதிய 10க்கு மாத்துங்க, கேட்டா பல பேரு மாத்தித் தர்றாங்க.

வெரிஃபிகேஷனுக்கு வந்தாங்க, அப்புறம் சத்தமே இல்ல

நான் பண்ண வேலை இது, அதனால சொல்றேன். கொடுத்த அட்ரஸுக்கு வருவோம், வீடு பூட்டியிருக்கும், பக்கத்து வீட்ல பேர சொல்லி கேட்டா "அப்படி யாரும் இங்க இல்லீங்களே"ம்பாங்க. ஏன்னா அவங்களுக்கு உங்கள "கொலுசுக்காரர் மூத்த பையன்"னுதான் தெரியும், சர்ட்டிஃபிகேட் பேரு தெரியாது. அவ்வளவுதான், "ஆள் இல்லை"ன்னு எழுதிட்டு போயிடுவோம். அக்கம் பக்கத்துல சொல்லி வைங்க, தெரியாத நம்பர் வந்தா அந்த பத்து நாளைக்காவது எடுங்க.

ஏற்காட்டுக்காரங்களுக்கு இது இன்னும் மோசம். அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து எஸ்டேட் ரோட்ல ஒரு வீட்ட தேடறதுக்கு எந்த வெரிஃபிகேஷன் பையனுக்கும் மனசு வராது, ஒரு கேஸுக்கு குடுக்கற காசு பெட்ரோலுக்கே பத்தாது. சில நிறுவனம் பின்கோட பாத்தே நாங்க அங்க லோன் குடுக்கறதில்லன்னுடுவாங்க, அது உங்க தப்பு இல்ல, உங்களால சரி பண்ணவும் முடியாது. கீழ இருக்கற ஆப்பு, ஏஜென்ட் எல்லாத்தையும் விட்டுட்டு மலை மேல கிளை வெச்சிருக்கற பேங்குக்கே நேர்ல போங்க, அவங்களுக்கு உங்க எஸ்டேட் எந்த வளைவுல இருக்குன்னு தெரியும். காப்பி, மிளகுன்னு கொஞ்சம் நிலம் பட்டாவோட இருந்தா பர்சனல் லோன் பேச்ச எடுக்காம கிசான் கிரெடிட் கார்டு பத்தி கேளுங்க, ஈடு இல்லாத விவசாயக் கடன் வரம்பு 2025 ஜனவரி 1ல இருந்து 2 லட்சம். காப்பி பழம் பறிக்கற சீசன்ல மட்டும் காசு வர்றவங்களுக்கு மாசாமாசம் கட்டற இஎம்ஐ எப்படி ஒத்து வரும்?

லோன் ரெடி, முன்பணம் 2,500 கட்டுங்கன்னு போன்

கட்டாதீங்க, அது லோன் இல்ல, திருட்டு. நெஜமான இடத்துல கட்டணத்த லோன் பணத்துல இருந்தே கழிச்சுக்குவாங்க, தனி ஆளோட யுபிஐக்கு அனுப்பச் சொல்ல மாட்டாங்க. "சிபில் பாக்க மாட்டோம், நூறு சதவீதம் உறுதி"ன்னு பஸ் ஸ்டாண்டு தூண்ல ஒட்டியிருக்கறதும் இதே வகைதான். ஏற்கனவே அனுப்பிட்டா 1930ங்கற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆப் மூலமா வாங்கறதா இருந்தா அது யாரோட ஆப்பு, பின்னாடி எந்த பேங்க், எந்த நிதி நிறுவனம்னு ரிசர்வ் பேங்க் சைட்ல 2025 ஜூலைல இருந்து பட்டியல் இருக்கு, அதுல தேடிப் பாத்துட்டு எறங்குங்க. போன்ல இருக்கற கான்டாக்ட், ஃபோட்டோ எல்லாத்துக்கும் அனுமதி கேக்கற ஆப்ப அப்பவே தூக்கிடுங்க.

சாங்ஷன் ஆயிடுச்சு, ஆனா கைக்கு கம்மியா வந்திருக்கு

3 லட்சம்னாங்க, அக்கவுண்ட்ல 2,92,920தான் விழுந்திருக்குன்னு அந்த சூரமங்கலம் தம்பி திரும்ப வந்தான். ரெண்டு சதவீத பிராசஸிங் கட்டணம் 6,000, அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,080, கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. பல பேருக்கு இதுல இன்ஷூரன்ஸ்னு ஒரு எட்டாயிரம் ஒன்பதாயிரமும் சேந்து போயிருக்கும், கட்டாயம்னு சொல்லியிருப்பாங்க, கட்டாயம் கிடையாது, வேண்டாம்னு சொல்லலாம். 2024 அக்டோபர்ல இருந்து கையெழுத்துக்கு முன்னாடியே கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட்னு ஒரு தாள் குடுக்கணும், அதுல ஏபிஆர்னு ஒரு நம்பர் இருக்கும், வட்டி, கட்டணம் எல்லாத்தையும் சேத்து வருஷத்துக்கு உண்மைல எவ்வளவுன்னு சொல்றது அதுதான். "வெறும் பத்து பர்சன்ட்"னு சொல்லி ஃப்ளாட் ரேட்ல (அசல் குறைய குறைய வட்டிய குறைக்காம, முழு அசலுக்கும் கடைசி வரைக்கும் வட்டி) போட்டா, மூணு வருஷ லோனுக்கு அது உண்மைல கிட்டத்தட்ட பதினெட்டு. ஆப்ல வாங்கின லோனா இருந்தா கைவிடற காலம்னு குறைஞ்சது ஒரு நாள் உண்டு, அதுக்குள்ள அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் திருப்பிக் குடுத்துட்டு அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம், பிராசஸிங் கட்டணம் மட்டும் போகலாம். அந்த தம்பி திருப்பிக் குடுக்கல, தாள மட்டும் லேமினேஷன் பண்ணித் தரச் சொன்னான். லேமினேஷன் வேண்டாம்டா, மடிச்சு ஃபைல்ல வை, முதல் தவணை 10ம் தேதி, 8ம் தேதியே அக்கவுண்ட்ல பணம் இருக்கணும்னு சொல்லி அனுப்பினேன்.